ஓ.டி. கடன் இல்லையாம்!

நான் பி.காம். படித்ததில் கண்ட ஒரே பலன், பண விஷயம் என்றால் சொந்தக்காரர்கள் எனக்கு போன் செய்வார்கள். பெரும்பாலும், பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு.

போன வருஷம் சித்தப்பா மகன் கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டுவிட்டான். வி.ஆர்.எஸ்.ஸில் வந்த 18 லட்சத்தை ஒரு உதிரிபாகக் கம்பெனியில் போட்டு, பங்குதாரர் ஆகப்போகிறானாம்.

"நல்ல மனுஷர்ண்ணே. வீட்டுக்குப் போனா சாப்பிடாம அனுப்பவே மாட்டார். கம்பெனி மேல ஒத்தைப் பைசா கடன் கிடையாது."

"யார் சொன்னா?"

"அவரேதான்."

சிரிக்காதீர்கள். பெண் கொடுப்பதென்றால் மாப்பிள்ளையின் ஆபீஸ் வாட்ச்மேன் வரைக்கும் விசாரிக்கிறோம். பணம் கொடுக்கும்போது மட்டும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினேன். எந்த வருஷம் பதிவானது, டைரக்டர்கள் யார், எந்த பாங்கில் சொத்து ஈடாக இருக்கிறது... எல்லாம் ஓசியிலேயே பார்க்கலாம். 100 ரூபாய் கட்டினால், தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டும் கிடைக்கும். 'சார்ஜ்' என்ற தலைப்பின் கீழே ஒரு பாங்கின் பெயர், 40 லட்சம். அடைத்திருந்தால் அந்தத் தேதியும் இருக்கவேண்டும். இல்லை.

அடுத்து, ஜி.எஸ்.டி. தளம். பில்லில் இருக்கும் 15 இலக்க எண்ணைப் போட்டால், ஒழுங்காக ரிட்டர்ன் போடுகிறார்களா என்று தெரிந்துவிடும். நாலு மாசமாகக் காணோம்.

தம்பிக்கு என்மேல்தான் கோபம். "இதையெல்லாம் கேட்டா அவர் தப்பா நினைப்பார்ண்ணே."

1996-ல் என் அப்பாவும் இப்படித்தான் கூச்சப்பட்டார். ரிடையரான பணம் முழுக்க ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போனது. அடுத்த தீபாவளிக்குள் ஷட்டர் இறங்கிவிட்டது. அக்கா கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அந்தக் கம்பெனியின் ஃபைல், நுங்கம்பாக்கத்தில் கம்பெனிப் பதிவாளர் ஆபீஸில் இருந்தது. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்பாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்! காலேஜில் கம்பெனிச் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் எழுதினேன், அப்பாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

"கேளுடா" என்றேன். கேட்டான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம், "அது கடன் இல்ல தம்பி, ஓ.டி." என்றாராம்.

ரெக்கார்டில் இருப்பதெல்லாம் வேதவாக்கு என்று சொல்ல மாட்டேன். அதுவும் கம்பெனி எழுதிக் கொடுத்ததுதானே? சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது என்று 2009 ஜனவரியில் அதன் தலைவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆனால், ஒருத்தர் வாயால் சொன்னதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம் இல்லையா? ஒத்துப்போகவில்லையா, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாணயமானவர் என்றால் விளக்கம் சொல்வார். தப்பாக நினைக்க மாட்டார்.

தம்பி பணம் போடவில்லை. "இப்பல்லாம் அவர் சாப்பிடக் கூப்பிடறதே இல்லண்ணே" என்று வருத்தப்பட்டான்.

18 லட்சத்துக்கு எத்தனை ஃபுல் மீல்ஸ் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.