ஏல மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பாக்ஸ்கள்

ஆனைக்கரையில் வீட்டுக் கூடம் என்றால் பாதி மனிதருக்கு, பாதி ஏலக்காய்க்கு. பாலக்காட்டிலும் ஓர் ஆனைக்கரை உண்டு. நான் சொல்வது இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து வண்டன்மேடு போகும் பக்கம் இருக்கும் ஊர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, ஏலத்தை நம்பி இங்கேயே ஊன்றிவிட்டன. எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். அந்தக் கூடத்துக்குள் பாட்டு குடியேறிய காலத்தை நினைத்தால், ஒன்றைத் தொட்டு இன்னொன்று எழுந்து வருகிறது.

முதலில் பாட்டு வெளியிலிருந்துதான் வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் செல்லார்கோவில் மேட்டில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். சித்திரை, வைகாசியில் கீழே ஏதாவது ஊரில் திருவிழா நடக்கும். குழாய் ஸ்பீக்கரில் போட்ட பாட்டு, காற்று எங்கள் பக்கம் அடித்தால் மலையேறி வரும். காற்று மாறினால் பல்லவியோடு நின்றுபோகும். சரணத்தை நாங்கள் பாடி முடிப்போம்.

அந்தப் பள்ளத்தாக்கில்தான் பண்ணைப்புரமும் இருக்கிறது. 1958-இல் தேவிகுளம் தொகுதி இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடிப் போனவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். கேட்டவர்கள் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். ரோசம்மா வென்றார். பாவலரின் தம்பி பின்னாளில் இளையராஜாவாக எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்து சேர்ந்தார். ஒரு தேர்தலில் பாட்டுக்கு என்ன வேலை என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

ரேடியோ காலத்தில் கூடம் ஒரே மூலையிலிருந்து பாடியது. இலங்கை வானொலி பேட்டரி வால்வ் செட்டில் கரகரத்து வரும். பிறகு டூ இன் ஒன் டேப்ரெக்கார்டர் வந்தது. 1978-இல் வந்த 'ப்ரியா' படப் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் ஒரே ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் ஸ்டீரியோ எப்படிக் கேட்கும்? அந்த ஏக்கம் அப்பாவுக்குள் வருடக்கணக்கில் கிடந்தது. எண்பதுகளின் நடுவில் ஏலத்துக்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருடம், கம்பத்தில் செட் கட்டித் தரும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

அன்று கடையில் வாங்க நினைத்தால் பிலிப்ஸ் இருந்தது, பம்பாயின் காஸ்மிக் இருந்தது, கல்கத்தாவின் சோனோடைன் இருந்தது. விலை எங்களுக்கு எட்டாது. எங்களைப் போன்றவர்களுக்கு அசெம்பிள் செட்தான் வழி. டிரான்ஸ்ஃபார்மர், போர்டு, ஹீட் சிங்க் எல்லாம் தனித்தனியாக வாங்கி, சோல்டர் வைத்து, தகரப் பெட்டிக்குள் அடக்கித் தருவார்கள்.

எத்தனை வாட்ஸ் போடலாம் என்று அப்பா ஆரம்பித்தார். மெக்கானிக் அண்ணன் அதைக் காதில் வாங்கவே இல்லை. "அண்ணே, கூடம் எம்புட்டு நீளம், எம்புட்டு அகலம்? மேல ஓடா, தகரமா? தரை சிமெண்டா?" என்றுதான் கேட்டார். சொன்னதும், "மொதல்ல பாக்ஸ முடிவு பண்ணுங்க. அதுக்குத் தக்கன ஆம்ப்ளிஃபயர நான் போட்டுத் தாரேன்" என்றார். அதற்குப் பிறகு நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடச் சரியான வரிசையைச் சொல்லவில்லை.

அவர் சொன்ன கணக்கு இன்றும் செல்லும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 87 டெசிபல் தரும், இன்னொன்று 90 தரும். வித்தியாசம் மூன்றுதானே என்று தோன்றும். அந்த மூன்றை எட்ட முதல் ஸ்பீக்கருக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே நல்ல ஸ்பீக்கர் கிடைத்தால் சின்ன ஆம்ப்ளிஃபயரே கூடத்தை நிறைத்துவிடும். அடுத்தது ஓம்ஸ். எட்டு ஓம்ஸுக்குக் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் நாலு ஓம்ஸ் பாக்ஸை மாட்டினால் கரண்ட் இரட்டிப்பாக இழுக்கும், அவுட்புட் டிரான்சிஸ்டர் கொதிக்கும். எட்டு ஓம்ஸ் பாக்ஸ் இரண்டைச் சேர்த்து ஒரே பக்கத்தில் பேரலலாகக் கொடுத்தாலும் அதே நாலுதான். இன்னொன்றும் சொன்னார்: ட்வீட்டர் கருகுவது பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக இருப்பதால் அல்ல, சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகி, பாட்டைச் சிதையவிட்டுக் கேட்பதால்.

பாக்ஸ் தேர்வு அரை நாள் நடந்தது. ஒரே பாட்டை ஒவ்வொரு ஜோடியிலும் போட்டார். தபேலாவின் இடதுகை அடி தனியாகக் கேட்கிறதா, பொம் என்று வீங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார். பேஸ் வீங்கினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும் என்றார். சிவப்பு, கறுப்பு வயர் ஒரு பக்கம் மட்டும் மாறினால் பேஸ் எப்படி மெலிந்து போகிறது என்று மாற்றி மாட்டியும் காட்டினார். எட்டு அங்குல ஊஃபரும் ஒரு ட்வீட்டரும் கொண்ட ஜோடி எங்களுக்கு அமைந்தது.

வீட்டில் வைத்த பிறகுதான் கூடத்தின் குணம் தெரிந்தது. வெற்றுச் சுவரும் சிமெண்ட் தரையும் பாட்டை எதிரொலித்தன. குரல் தெளியவில்லை. ஆவணியில் அறுவடை தொடங்கி, ஸ்டோரில் உலர்ந்த காய் மூட்டை மூட்டையாகக் கூடத்தில் ஏறியதும் எதிரொலி அடங்கியது. சாக்கு மூட்டைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டன. பாடகி ஜானகியின் குரல் இரண்டு பாக்ஸுக்கும் நடுவில், ஆள் நிற்கும் உயரத்தில் வந்து நின்றது. வண்டன்மேட்டு ஏல விற்பனைக்கு மூட்டைகள் போனதும் கூடம் மறுபடி எதிரொலிக்கும். எங்கள் வீட்டில் பாட்டின் தரம் ஏலக்காய் இருப்பைப் பொறுத்து ஏறி இறங்கியது. 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டை மூட்டைகள் நிறைந்த கூடத்தில்தான் முதலில் கேட்டோம். வயலின்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து வந்தபோது அப்பா எதுவும் பேசவில்லை. பக்கம் முடியும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

மலையில் செட் வைத்திருப்பது சுலபமில்லை. ஆடி மழையில் ஈரம் காகிதக் கோனில் ஏறும், கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி இடிக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தகரக் கூரையில் மழை விழும்போது எந்த ஆம்ப்ளிஃபயராலும் ஜெயிக்க முடியாது. நிறுத்திவிட்டு மழையைக் கேட்போம்.

எல்லாருக்கும் செட் இல்லை. ஆனால் பாட்டு எல்லாருக்கும் இருந்தது. டீக்கடைகளில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று அடித்தொனியைத் தாங்கும். விடிகாலையில் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஜீப்பில் வரும் பெண்கள், அந்தப் பானைப் பாட்டுக்காகவே டீயை மெதுவாகக் குடிப்பார்கள்.

தொண்ணூறுகளில் வெளிநாட்டு மியூசிக் சிஸ்டங்கள் வந்தன. பெட்டிமேல் 1000 வாட்ஸ், 2000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று அச்சடித்திருந்தது. தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாட்ஸ் அதில் சிறு பங்குதான். ஆனாலும் அந்த எண்ணுக்கு முன்னால் மெக்கானிக் அண்ணனின் கணக்கு எடுபடவில்லை. கம்பத்துக் கடை போனது. டீக்கடைப் பானை போனது. அப்பாவும் போய்விட்டார். ஏலக்காய் ஏல விற்பனைகூட இன்று புற்றடி ஸ்பைசஸ் பார்க்கில் கணினித் திரையில் நடக்கிறது. கூடத்தில் மூட்டை அடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. பாட்டு அவரவர் காதுக்குள் தனித்தனியாகப் போய்விட்டது. கூடம் முழுதும் ஒரே பாட்டைக் கேட்டு, ஒரே இடத்தில் பெருமூச்சு விட்ட நாட்கள்தான் பெரிய இழப்பு.

அதனால் கூடத்துக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெட்டிமேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் உங்கள் கூடத்தை அளந்து பாருங்கள். மனதுக்குத் தெரிந்த ஒரு பாட்டைக் கொண்டுபோய், உங்கள் காதால் கேட்டு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஓம்ஸுக்கும் டெசிபலுக்கும் பொருந்தும் ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் வாங்குங்கள். வெற்றுச் சுவருக்குத் திரைச்சீலையும் தரைக்கு ஒரு ஜமுக்காளமும் போடுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.