பெரியம்மாவின் சிவப்பு

2023 அக்டோபர் 19, வியாழக்கிழமை. நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. மேல்மருவத்தூர் பங்காரு அடிகளார் காலமான செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் ஒருவன், "ஜிஎஸ்டி ரோட்ல நாளைக்கு டிராஃபிக் இருக்கும்" என்று மட்டும் எழுதினான். எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்தது.

பள்ளி ஆசிரியராக இருந்தவர் அடிகளார். ஆதிபராசக்தி அவர் வழியாக அருள்வாக்கு சொல்கிறாள் என்று நம்பியவர்கள் அவரை 'அம்மா' என்றே கூப்பிட்டார்கள். ஒரு ஆணை அம்மா என்பதை வைத்து கல்லூரி ஹாஸ்டலில் நாங்கள் அடிக்காத கிண்டல் இல்லை. அந்தப் பெயரில் எழுந்த கல்லூரிகள், பணம், செல்வாக்கு பற்றியெல்லாம் எனக்கு இன்றும் கேள்விகள் உண்டு. ஆனால் பெரியம்மாவின் கதை அந்தக் கேள்விகளுக்குள் அடங்காது.

பெரியப்பா இறந்தபோது அவளுக்கு வயது 29. அதன்பிறகு வெளிர்நிறப் புடவைதான். கல்யாண வீடுகளில் சமையற்கட்டோடு சரி. பக்கத்துத் தெரு அக்கா ஒருத்திதான் வழிபாட்டு மன்றத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒருவரை ஒருவர் 'சக்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன சாதி, புருஷன் இருக்கிறானா, தீட்டா என்று யாரும் கேட்பதில்லை. மாதவிலக்கு நாளிலும் கோயிலுக்குள் போகலாம். ஆடிப்பூரத்தன்று கருவறையில் சுயம்புக்குத் தன் கையாலேயே பால் ஊற்றிவிட்டு வந்தாள் பெரியம்மா. எங்கள் ஊர்க் கோயிலில் அவள் திருநீறு வாங்கக்கூட ஓரமாகத்தான் நிற்க வேண்டும்.

திரும்பி வந்தவள் சிவப்புப் புடவை கட்டியிருந்தாள். நெற்றியில் குங்குமம். அவள் மாமியார் திண்ணையிலேயே மறித்தார். பெரியம்மா சண்டை போடவில்லை. "அம்மா கட்டிக்கச் சொல்லியிருக்காங்க." அவ்வளவுதான்.

இந்த வாக்கியத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். 'எனக்கு வேணும்' என்று அவள் சொல்லியிருந்தால் வீடே இரண்டாகியிருக்கும். அம்மா சொன்னார் என்றால் யார் எதிர்த்துப் பேசுவது? தன் பெயரில் கேட்க முடியாத ஒன்றை வேறொரு பெயரில் கேட்டு வாங்கினாள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயர்தான் அவளுக்குக் காவல். எங்கள் வேலையில் இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம். ஒன்று விழுந்தால் மொத்தமும் விழும்.

அன்று ராத்திரி போன் செய்தேன். அழுது முடித்திருந்தாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் தடுமாற, அவள் கேட்டது ஒன்றுதான்: "இந்த வருஷம் இருமுடி உண்டாடா? நெட்ல ஏதாவது போட்டிருக்கா?"

மறுநாள் அரசு மரியாதையோடு கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். டிவியில் முழுக்கப் பார்த்தாளாம். அடுத்த வார வழிபாட்டைப் பற்றி, "நாலு பேரு வரல. பதினோரு பேரு உக்காந்து போற்றி படிச்சோம்" என்றாள். வராத நாலு பேரைப் பற்றிக் கோபமில்லை. "அவங்களுக்கு இன்னும் மனசு ஆறல."

நான் பயந்தது கார்த்திகையில் நடந்தது. சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. கூடம் நிறையப் பெண்கள். ஒரு அத்தை, மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மாவே போயிட்டாங்க. இன்னும் எதுக்குக்கா இந்தச் சிவப்பு?" என்றாள்.

பெரியம்மா கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. அம்மா எங்கும் போகவில்லை, சூட்சுமமாக இருக்கிறார் என்று அவள் சொல்லப்போகிறாள் என நினைத்தேன். மன்றத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

"எனக்குப் புடிச்சிருக்கு, கட்டிருக்கேன்" என்றாள். பிறகு கர்ப்பிணிப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசினாள். அத்தை வளையல் தட்டை நகர்த்தி வைத்தாள்.

நம்பிக்கை போய்விட்டதா என்றால் இல்லை. இன்றும் பேத்திக்குக் காய்ச்சல் என்றால் அடிகளார் படத்தின் முன்னால் நின்று 'அம்மா' என்றுதான் முறையிடுகிறாள். பதில் வருகிறதா என்று நான் கேட்டதில்லை.

இருமுடி காலத்தில் தென்மாவட்ட ரயில்கள் பல மேல்மருவத்தூரில் தற்காலிகமாக நின்று போகும். அந்த மார்கழியிலும் நின்றன. மன்றத்தில் பதினோரு பேருக்கும் டிக்கெட் போடச் சொன்னாள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குமேல் போட முடியாது. ஆறும் ஐந்துமாக இரண்டு டிக்கெட் போட்டேன். "அந்த நாலு பேருக்கும் சேத்துப் பாருடா, வந்தாலும் வருவாங்க" என்று மறுநாள் காலையில் மறுபடி கூப்பிட்டாள்.