தாதிமா கொடுத்த கறுப்புப் பேனா



போன மாதம் எனக்கு மூன்று பேனா சும்மா கிடைத்தது. அதில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். வீட்டில் உருது பேசுகிறவர்கள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் அவரைத் தாதிமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டுக்காரர் வாணியம்பாடியில் ஒரு டேனரியில் முன்ஷியாக இருந்தவர். எத்தனை தோல் வந்தது, எத்தனை போனது என்று கணக்கு எழுதும் வேலை. அவர் இறந்து பல வருடம் ஆகிறது.

சுவர்ப் பத்திரிகை எழுத இங்க் பேனா வேணும் என்று நான் அம்மாவை நச்சரித்தது தாதிமா காதில் விழுந்துவிட்டது. "ஏ பேட்டா, இங்க வா" என்று கூப்பிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். தங்கக் கலர் மூடி போட்ட ஹீரோ பேனா இரண்டு, குண்டாகக் கறுப்புப் பேனா ஒன்று. "எனக்கு எழுதவா தெரியும்? எடுத்துட்டுப் போ" என்றார்.

என் அண்ணன் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான். அவன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஏய், இதே ஹீரோ பேனா 1,800 ரூபாய்னு போட்டிருக்கான்டி!" என்று கத்தினான். இரண்டுக்கு 3,600. என் மனசு உடனே சைக்கிள் கடைக்குப் போய்விட்டது. "தாதிமாகிட்ட சொல்லாதே. கொடுத்துட்டாங்க, இனி நம்மளது" என்றான். நானும் தலையாட்டினேன். அதுதான் தப்பு.

மறுநாள் சமூக அறிவியல் சாரிடம், யாருடையது என்று சொல்லாமல், பழைய பேனாவுக்கு ஏன் சார் இவ்வளவு விலை என்று மட்டும் கேட்டேன். சார் சொன்னது: ஹீரோ பேனா சீனாவில் ஷாங்காய் நகரத்தில் செய்தது. 1941-ல் அமெரிக்காவில் வந்த பார்க்கர் 51 என்ற பேனாவைப் பார்த்து அதன் சில மாடல்களைச் செய்தார்கள். பார்க்கர் வாங்க முடியாதவர்கள் இதை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக் கொண்டார்கள். அப்புறம் பால்பாயிண்ட் பேனா வந்ததும் தூக்கிப் போட்டார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்றைக்குச் சம்பாதிக்கிறார்கள், சின்ன வயதுப் பேனாவைத் தேடுகிறார்கள். அதனால் விலை ஏறுகிறது.

"ஆனா ஒண்ணு, போட்ட விலை வேற, வித்த விலை வேற" என்றும் சொன்னார். சந்தையில் ஆட்டுக்காரர் முதலில் சொல்வதுதான் ஆட்டின் விலையா? ஒருவர் 1,800 போட்டால் அதைப் பார்த்து இன்னொருவர் 2,000 போடுவார். ஒன்றுகூட விற்காமலே விலை ஏறிவிடும்.

அன்று சாயங்காலம் தாதிமா என்னை மெடிக்கலுக்கு அனுப்பினார். பிரஷர் மாத்திரை. "பத்து வேணாம், நாலு மட்டும் வாங்கிட்டு வா." அந்தச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நடுவுநிலைமை அதிகாரத்தில் வணிகரைப் பற்றி ஒரு குறள் வருமே, பிறர் பொருளையும் தம் பொருள் போல நினைக்க வேண்டும் என்று. அதை மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கியவள் நான்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாதிமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்ளோ வரும்?" என்றார். "ஏலம் விட்டாதான் தெரியும் தாதிமா." "அப்ப விடு!"

அண்ணன் பேனா சேகரிப்பவர்களின் செல்போன் குழு ஒன்றில் போட்டோ போட்டான். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏலம். ஆரம்பம் 100 ரூபாய். எங்கள் தெரு ஏலச்சீட்டில் அவசரம் உள்ளவர் தள்ளிக்கொண்டே போவார். இதில் ஆசை உள்ளவர் ஏற்றிக்கொண்டே போகிறார். இரண்டு பேர் விடாமல் மோதி முதல் பேனா 640-க்குப் போனது. ஜெயித்தவருக்கு ஒன்று போதும், அவர் ஒதுங்கிவிட்டார். அதே மாதிரி இரண்டாவது பேனா 250-க்குத்தான் போனது! பேனா மாறவில்லை, போட்டிக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே ஏலத் தளத்தில் முதலில் விற்றதே உடைந்துபோன லேசர் பாயிண்டர்தானாம், 14 டாலர் 83 சென்ட்டுக்கு. சார் சொன்னபோது வகுப்பே சிரித்தது.

கறுப்புப் பேனாவில் கம்பெனிப் பெயர் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை. சார் அதைத் தேய்த்து மோந்து பார்க்கச் சொன்னார். ரப்பர் வாசனை! எபோனைட் என்ற கெட்டி ரப்பரைக் கடைசல் பிடித்துச் செய்தது. ராஜமுந்திரியில் இப்படிச் சுதேசிப் பேனா செய்த ரத்னம் என்பவரைப் பாராட்டி 1935-ல் காந்தியடிகளே கடிதம் எழுதினாராம். நம் திருவள்ளூரிலும் எபோனைட் பேனாவைக் கையாலேயே கடைந்து செய்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள்கூட வாங்குகிறார்களாம்.

890 ரூபாயையும் தாதிமா கையில் கொடுத்தோம். இரண்டு தடவை எண்ணினார். அண்ணனுக்கு 100 ரூபாய் கொடுத்தார், அவன் தலையைக் குனிந்துகொண்டே வாங்கினான். கறுப்புப் பேனாவையும் திருப்பி நீட்டினேன். தாதிமா அதை வாங்கி, மறுபடி என் கையிலேயே வைத்தார்.

"அன்னைக்குத் தெரியாம கொடுத்தேன். இன்னைக்குத் தெரிஞ்சு கொடுக்கிறேன். வச்சுக்கோ."

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில், பக்கத்து வீட்டுப் பெட்டியில் இப்படி ஏதாவது கிடைத்தால் விலையைத் தேடிப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் தேடிப் பார்த்ததைப் பொருளுக்கு உரியவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

இந்தத் தாளை எழுதியது அந்தக் கறுப்புப் பேனாதான். பில்லரால் இங்க் ஊற்றி எழுதினேன். கழுத்தில் கொஞ்சம் லீக் ஆகிறது. ஓரத்தில் மைத்துளி தெரிந்தால் மன்னிக்கவும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி