டப்போவுக்கு நான்கு மணி நேரம்

நாங்கள் இவ்வூருக்கு வந்து மூன்றாண்டுகள் நிறைவுறுகின்றன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், டார்லிங் ஆற்றுப் படுகையில் உள்ள சிற்றூர் இது. வெளிநாட்டில் பயின்ற மருத்துவர்கள் பொதுவாக முதல் 10 ஆண்டுகள் மருத்துவர் தட்டுப்பாடுள்ள பகுதிகளிலேயே பணிபுரிய வேண்டும் என்னும் ஆஸ்திரேலிய விதிதான் எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. எங்களில் ஒருவர் ஊர் மருத்துவமனையில் மருத்துவர். மற்றவர் தொடக்கப் பள்ளியொன்றில் ஆசிரியர்களுக்குத் துணையாக இருப்பவர். இரவு உணவின்போது ஒருவர் சீழ் வடியும் காதொன்றைப் பற்றிக் கூறுவார். மற்றவர் சொன்ன பேச்சைக் கேளாத மாணவன் ஒருவனைப் பற்றிக் கூறுவார். பெயர்களைச் சொல்லிக்கொள்வது முறையன்று என்பதால், இருவரும் ஒரே சிறுவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது எங்களுக்கு விளங்கவே பல வாரங்கள் ஆயின.

அவனுக்கு அப்போது ஏழு வயது. பூர்வகுடிச் சிறுவன். அவனை வளர்க்கும் பாட்டியின் இசைவைப் பெற்றே இதை எழுதுகிறோம். அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

ஒரு சமூகத்தின் குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேருக்கு மேல் சீழ் வடியும் நாட்பட்ட காது நோய் இருக்குமானால், அதனை உடனடியாகக் கவனிக்கவேண்டிய பெரும் பொதுச் சுகாதாரச் சிக்கல் என உலகச் சுகாதார நிறுவனம் கருதுகிறது. ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பூர்வகுடிச் சமூகங்கள் பலவும் அந்த எல்லையை நெடுங்காலமாகவே தாண்டி நிற்கின்றன. நெருக்கடியான வீடுகளில் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே தொற்று தொடங்கிவிடுகிறது. ஆறுவதும் மீண்டும் வருவதுமாக, மொழி கற்கும் வயது முழுவதையும் அது விழுங்கிவிடுகிறது.

இந்நோயால் வரும் செவித்திறன் குறைவு நிலையானதன்று. நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் நாளில் பேச்சு மங்கலாகக் கேட்கும். வடிந்த நாளில் ஓரளவு தெளிவாகக் கேட்கும். நேற்றுக் கேட்டவன் இன்று கேளாதபோது, வேண்டுமென்றே கேளாதவன்போல் இருக்கிறான் என ஆசிரியர் எண்ணிவிடுகிறார். நாற்பது டிகிரி வெயிலில் குளிரூட்டி இரைந்துகொண்டிருக்க, பின்வரிசையில் அமர்ந்திருந்த அச்சிறுவனுக்கு ஆசிரியரின் சொற்களில் பாதிகூடச் சென்று சேர்ந்திருக்காது. அவன் எழுந்து நடந்தான். பக்கத்தில் இருந்தவனைச் சீண்டினான். ஒருநாள் நாற்காலியைத் தள்ளிவிட்டான். சில நாட்கள் பள்ளிக்கு வரக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்காததால் கற்காதவன், கற்காததால் வெளியேற்றப்பட்டான். நியூ சவுத் வேல்ஸில் இவ்வாறு இடைநீக்கம் செய்யப்படுவோரில் பூர்வகுடி மாணவர்களும் மாற்றுத்திறன் மாணவர்களும் தங்கள் தொகைக்கு மிஞ்சிய பங்கினர். இவனோ இரண்டும் ஆனவன்.

டப்போ நகரில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டக் கடிதம் கொடுத்தோம். பாட்டி போகவில்லை. இரண்டாம் முறையும் தேதி வாங்கினோம். அப்போதும் போகவில்லை. "அக்கறையில்லாத குடும்பம்" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதை எழுதுவதற்கு இன்று கை கூசுகிறது.

அவ்வாண்டு ரமலானில் ஒரு மாலை நோன்புக் கஞ்சி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். ஊரில் அவரை எல்லோரும் "ஆன்டி" என்றே அழைப்பர். நம்மூரில் மூத்த பெண்மணியை உறவில்லாதவரும் ராத்தா, மாமி என்று அழைப்பதைப் போன்ற மரியாதைச் சொல் அது. வீட்டில் அவன் உட்பட நான்கு பேரப்பிள்ளைகள். டப்போவுக்குச் சாலையில் நான்கு மணி நேரம். வண்டியில்லை, மற்ற மூவரை விட்டுச்செல்ல ஆளில்லை. பயணச் செலவின் ஒரு பகுதியை அரசு திருப்பித் தரும் என்பது உண்மையே. ஆயினும் திரும்பி வரும் பணத்துக்கு முன்னால் போக வேண்டிய பணம் ஒன்று உண்டல்லவா?

அது மட்டுமன்று. அவர் சிறுமியாக இருந்தபோது நலத்துறையின் வண்டி வரும் ஓசை கேட்டால், தாயார் பிள்ளைகளை ஆற்றோரப் புதர்களில் ஒளித்துவைப்பாராம். இம்மாநிலத்தில் பூர்வகுடி நலவாரியம் கலைக்கப்பட்டது 1969இல்தான். வெள்ளையர் எதிர்த்தால் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் சேர்க்க மறுக்கலாம் என்ற விதியும் 1972 வரை இருந்தது. பறித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வெளிவந்தது. பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2008இல். இன்றும் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கப்படும் பிள்ளைகளுள் பூர்வகுடியினரின் பங்கு மிகப் பெரிது.

பாட்டி எங்களிடம் கேட்டார்: "பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று ஒரு காகிதம். நான் மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை என்று இன்னொரு காகிதம். இரண்டையும் சேர்த்துத் தைக்கப்போகிறவர் யார்?"

எங்களிடம் விடையில்லை. வராத நாட்களைக் குறிப்பேட்டில் பதிந்தவர்களே நாங்கள்தாம்.

பூர்வகுடி மொழிகள் பலவற்றில் "மாற்றுத்திறன்" என்பதற்கு நேரான சொல்லே இல்லை என்பர். அவன் குடும்பத்தில் அதைக் கண்டோம். சிற்றப்பன் பிள்ளைகள் அவனிடம் பேசுமுன் தோளைத் தொடுவார்கள், கைச்சாடையால் அழைப்பார்கள், ஆற்றில் மீன்பிடிக்கும்போது அவன்தான் முன்னே நிற்பான். அங்கே அவன் குறையுள்ளவன் அல்லன். ஆனால் இதை அழகாகச் சொல்லி முடித்துக்கொள்ளவும் எங்களுக்கு மனமில்லை. இத்தனை அன்புக்கு நடுவிலும் அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை.

சட்டத்தில் குறையொன்றும் இல்லை. 1992ஆம் ஆண்டின் மாற்றுத்திறன் பாகுபாட்டுத் தடைச் சட்டமும், அதன் கீழ் 2005இல் வகுக்கப்பட்ட கல்வி நெறிமுறைகளும், மாணவனுக்கேற்ற நியாயமான மாற்றங்களைப் பெற்றோருடன் கலந்து செய்யுமாறு பள்ளிகளைக் கட்டாயப்படுத்துகின்றன. மாற்றுத்திறன் மாணவர்களை ஆண்டுதோறும் கணக்கிடும் தேசியத் திட்டத்தில் மருத்துவச் சான்று கட்டாயமன்று. ஆசிரியர் நியாயமான காரணத்தோடு குறையைக் கணித்து, குறைந்தது 10 வாரங்கள் செய்த உதவிகளுக்குச் சான்று வைத்திருந்தால் போதும். இதை அறியாமல் நாங்களும் பள்ளியும் ஓராண்டுக்கு மேல் டப்போவிலிருந்து காகிதம் வரட்டும் எனக் காத்திருந்தோம். அறிந்த பின்னும் 10 வாரம் என்பது எளிதன்று. அவ்வாண்டில் மட்டும் அவன் வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள் வந்து சென்றனர்.

மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறையையும் புறக்கணிப்பையும் ஆராய்ந்த அரச ஆணையம் 2023இல் 222 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. சிறப்புப் பள்ளிகளைப் படிப்படியாக மூடுவதா வேண்டாமா என்பதில் ஆணையர் அறுவரும் மும்மூவராகப் பிரிந்து நின்றனர். நகரங்களில் அது பெரிய விவாதமாயிற்று. எங்கள் ஊரில் மூடுவதற்குச் சிறப்புப் பள்ளியே இல்லை. இங்கே ஒரு பிள்ளைக்கு ஊர்ப் பள்ளியின் வகுப்பறை உண்டு. அதுவும் மறுக்கப்பட்டால் வீடு உண்டு. பார்வையற்ற தோழர் ஒருவர் கற்க வந்தபோது நேர்ந்த முகச்சுளிப்பின் பொருட்டு இறங்கிய அபஸ அத்தியாயத்தைச் சிறுவயதில் நாங்கள் மனனம் செய்திருக்கிறோம். அந்த வகுப்பறையில் எங்கள் முகங்கள் எப்படி இருந்தன என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தோம்.

இன்னொன்றையும் பாட்டி அன்று சொன்னார். அவருடைய முன்னோருள் ஒருவர் ஒட்டகக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பாலை வழிகளில் ஒட்டகம் ஓட்ட வந்த முஸ்லிம்கள் பலர் பூர்வகுடிப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர். பர்க் நகரின் இடுகாட்டில் அவர்கள் தொழுத தகரப் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. நோன்புக் கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எங்கள் வீட்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்" என்றார்.

இப்போது ஆசிரியர் கழுத்தில் சிறு ஒலிவாங்கி அணிகிறார். வகுப்பறைச் சுவரில் ஒலிபெருக்கி உள்ளது. அவனுக்கு மட்டுமன்றி, காது மங்கிய மற்றப் பிள்ளைகளுக்கும் அது உதவுகிறது. அவன் முதல் வரிசையில் இருக்கிறான். முன்பு வகுப்பிலிருந்தவர் மாற்றலாகிப் போக, புதிதாக வந்த இளம் ஆசிரியையிடம் அந்த ஒலிவாங்கி எதற்கென்று எவரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் அது மேசை இழுப்பறையில் கிடந்தது. பாட்டியே நேரில் சென்று சொல்லிவிட்டு வந்தார்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு டப்போவில் மருத்துவரைக் காண நேரம் கிடைத்திருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் பாய் விரித்தாயிற்று. எங்களில் ஒருவர் அவர்களோடு இருப்பார். மற்றவர் ஃபஜ்ரு தொழுதவுடன் வண்டியை எடுக்க வேண்டும். விடியலில் கங்காருக்கள் சாலையைக் குறுக்கிடும் என்பதால் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். முன்னிருக்கை தனக்குத்தான் என்று பாட்டி இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.