வாழ்த்தி விலகும் பாட்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமீதுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில், வளைவுக்கு வளைவு ஓட்டுநர் ஹாரன் அடிக்கும் இடைவெளிகளில், 1962-இல் வெளிவந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்திற்குக் கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் ஏ.எல்.ராகவன் பாடிய அந்தப் பிரிவுப் பாடலைக் கேட்க வாய்த்தது. முன்னாள் காதலியின் கணவனுக்கே சிகிச்சை செய்ய நேர்ந்த டாக்டர், அவளை நிந்திக்காமல், விதியையும் சபிக்காமல், மனமார ஆசீர்வதித்து விலகுகிறான், ஆயினும் அந்த ஆசீர்வாதத்தின் அடியில் ஆறாத துக்கம் இருப்பதை ராகவனின் குரல் (குதூகலப் பாட்டுகளுக்கே பெரிதும் பெயர்பெற்ற குரல்!) மறைக்க முயன்று, நல்லவேளையாக, முழுதும் மறைக்கவில்லை. நேசித்தவளிடம் பாத்தியதை கோராத கண்ணியத்தை இத்தனை சுருக்கமாகச் சொன்ன வேறொரு திரைப்பாடலை நான் அறியேன். அறிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.