கூடைக்காரி இல்லாத சுவரொட்டி

இலங்கை மலையகத்து ஹட்டனில் இளம் ஓவியர்கள் சிலர் சமகாலக் கலைக் கண்காட்சி ஒன்றுக்கு ஆயத்தமானார்கள். சுவரொட்டி, அழைப்பிதழ், படங்களுக்குக் கீழே வைக்கும் அட்டை எல்லாவற்றுக்கும் ஒரே முகம் வேண்டும். அதை வரைந்து கொடுக்கும் வேலை எனக்கு. நிபந்தனை ஒன்றுதான்: கூடை சுமந்த பெண் வரக்கூடாது. "தேயிலைப் பைக்கெட்டில பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு அண்ணே" என்றாள் அவர்களில் ஒருத்தி.

நியாயம்தான். ஆனால் அந்தக் கூடைக்காரி எங்கிருந்து வந்தாள் என்று தெரியாமல் அவளை எப்படித் தவிர்ப்பது? தேடினேன். 1890இல் இங்கே வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் விளம்பரங்களில் அவள் இருக்கிறாள். 1930களில் வந்த 9 சதத் தபால் முத்திரையிலும் கொழுந்து பறிக்கிறாள். பிறகு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவளைப் போன்றவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

தேடலில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தவர் மக்டொனால்ட் கில். லண்டன் சுரங்க ரயிலுக்கு 1914இல் வேடிக்கையான படவரைபடம் போட்டுப் பெயர் வாங்கியவர். 1933இல் இலங்கையையும் அதன் தேயிலையையும் அதேபோல ஒரு படவரைபடமாக வரைந்தார். 1940இல் தேநீர் உலகத்துக்கே தெம்பூட்டுகிறது என்று இன்னொன்று. அழகில் குறை சொல்ல முடியாது, பொறாமையாகக்கூட இருந்தது. முதலாம் உலகப் போரில் மாண்ட பிரித்தானியப் பேரரசுப் படையினரின் நடுகற்களுக்கு எழுத்து அமைத்துக் கொடுத்ததும் இதே கைதான். படைவீரனுக்குக் கல்லில் ஒரு பெயர். அதற்கான எழுத்தை ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, வாந்திபேதியில் விழுந்தவர்களுக்கு யார் எழுத்து வரைந்தார்கள்?

எழுத்து இல்லாமல் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டியபோது, தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிவிட்டார்கள். வடிவமைப்பாளனாகப் பார்த்தால் கச்சிதமான பொருள். அதையே சின்னமாக வைக்கலாமா என்று கேட்டேன். "மறுபடியும் எங்களுக்கு நம்பர் போடுறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். அந்த யோசனை அங்கேயே முடிந்தது. தேயிலைக் கறையைச் சொன்னவர்களும் உண்டு. மலையகத்து ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் அதையும் தேநீர் வடிகட்டியையும் தம் ஊடகமாகவே ஆக்கிக்கொண்டவர், அதில் நாங்கள் கை வைப்பது சரியில்லை.

தேடிய முகம் கிடைத்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில். அந்த வீட்டு ஆச்சி பித்தளைக் குடமொன்றை எடுத்து வந்தார். கழுத்துக்குக் கீழே, உளி முனையால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதிய பெயர். தகர வில்லையும் உலோகத்தில் அடித்ததுதான். ஆனால் இது ஆச்சி காசு கொடுத்துத் தானே வெட்டச் சொன்ன பெயர். குடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். வளைவுகளில் புள்ளிகள் நெருங்கி, நேர்கோட்டில் விலகியிருந்தன. வெட்டியவர் வளைவில் நிதானித்திருக்கிறார். நடுவில் ஒரு புள்ளி கொஞ்சம் ஆழம். "அது நசுங்கல் இல்ல தம்பி, என் பேருக்குள்ள புள்ளி" என்றார் ஆச்சி.

அந்தப் புள்ளி எழுத்தையே கண்காட்சியின் முகமாக்கினோம். அங்கேதான் சிக்கலும். எல்லாமே புள்ளியானால் மெய்யெழுத்தின் புள்ளி எப்படித் தெரியும்? 'மலையகம்' என்று எழுதிப் பார்த்தால் கடைசி 'ம்' வெறும் 'ம' ஆகிவிடுகிறது. பெரிதாக்கினேன், நிறம் மாற்றினேன், எடுபடவில்லை. கடைசியில் அழைப்பிதழ்களில் அந்தப் புள்ளியை மட்டும் ஓட்டையாகவே விட்டோம். அச்சகத்தில் அதற்குக் கேட்ட காசு கட்டுப்படியாகவில்லை. கந்தோரில் கடதாசிக்குத் துளை போடும் கருவி ஒன்றை வாங்கி, பிள்ளைகளே வட்டமாக உட்கார்ந்து போட்டார்கள். கொஞ்சம் கோணலாக விழுந்தவையும் உண்டு. எனக்கு அவைதான் பிடித்தன.

பக்க அமைப்பைத் தேயிலைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தேயிலை ஸ்டோரில் முன்பு பலகைப் பெட்டியில் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை பூசுவார்கள்: மேலே தோட்டத்தின் பெயர், நடுவில் தரம், கீழே நிகர எடை. எங்கள் சுவரொட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும் இடத்தில் கண்காட்சியின் பெயர், தரத்துக்குப் பதில் ஓவியர்களின் பெயர்கள். சிங்கள எழுத்து புள்ளிகளில் தமிழைவிட லேசாக உட்கார்ந்தது. ஆங்கிலம்தான் முரண்டு பிடித்தது. அதைச் சின்னதாக்கி, நிகர எடை எழுதுகிற மூலையில் போட்டோம்.