டோக்கன் பதினேழு

கேரளத்துப் பொன்முடி மலைக்குப் போகிறவர்களுக்கு விதுரா என்பது கட்டன்சாயா குடிக்க வண்டியை நிறுத்துகிற இடம். மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கும்போது கீழே இருக்கும் பஞ்சாயத்து ஆபீஸை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? நண்பர் ஒருவருடைய வீட்டு வரிக்குத் துணையாகப் போனேன். அவர் வரிசையில் நின்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டேன். சும்மா உட்கார்ந்திருப்பவனை எந்த ஆபீஸும் கண்டுகொள்வதில்லை. வேடிக்கை பார்க்க அதைவிட வசதி வேறில்லை.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் கவனிப்பது தலைவர் அறையின் கதவை. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதல்ல. கவுன்டரில் இருப்பவர் ஒரு நாளில் எத்தனை தடவை அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதை. "உள்ளே கேட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியத்தைக் கேட்டே பழகிய காது என்னுடையது. மூன்று ரூபாய் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டுமா என்பதற்குக்கூட உள்ளே போய்வரும் ஆபீஸ்களில் தலைவர் ரொம்பப் பெரிய ஆளாக இருப்பார். வேலைதான் நடக்காது.

இங்கே ப்ரண்ட் ஆபீஸில் ஒரு பெண். முப்பது வயதிருக்கலாம். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், மேலே ஒரு பழைய கவரை மூடியாக வைத்திருந்தார். கூப்பிடுவது எல்லாம் உறவுமுறையில்தான். வயதானவருக்கு அண்ணன், பெண்களுக்குச் சேச்சி, தாயோடு வந்த பையனுக்கு, பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் அப்பீ. திருவனந்தபுரத்துப் பக்கம் அண்ணன் இன்னும் அண்ணன்தான். நாஞ்சில் நாட்டுக்காரனான எனக்கு அதைக் கேட்டால் ஒரு சொந்தம் வந்துவிடும்.

பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் பஞ்சாயத்தில் 2021இல் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஆபீஸுக்கு வருகிறவர்கள் யாரையும் 'சார்', 'மேடம்' என்று அழைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் பணிந்து கேட்கும் சொற்களும் வேண்டாம், இது என் உரிமை என்று எழுதலாம். கட்சி வேறுபாடு இல்லாமல் நிறைவேறியது. நல்ல காரியம். ஆனால் 'சார்' போன பிறகும் கிளார்க்கு கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு சொல் போய்விட்டது, பயம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பச்சைக் கோட்டுப் போட்ட ஹரித கர்ம சேனைப் பெண்கள் நாலு பேர் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல வந்தார்கள். வீடுவீடாகப் பிளாஸ்டிக் கழிவு சேகரிக்கிறவர்கள். அதற்கு மாதக் கட்டணம் 50 ரூபாய் தர மூக்கால் அழுத ஒரு மாடிவீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு. சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்துவிட்டு, செயலாளர் மேசைக்கே நேராகப் போனார்கள். யாரும் தடுக்கவில்லை. பெண்கள் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கியதிலிருந்து அயல்கூட்டங்களில் வரவுசெலவு பார்த்துப் பழகிய பெண்கள் கேரளத்தில் எந்த ஆபீஸ் படியையும் பயந்து ஏறுவதில்லை. பஞ்சாயத்துப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் வந்தபோது ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

மலையிலிருந்து இறங்கி வந்த, காணிக்காரர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பழங்குடிகளுக்கு ஆபீஸ் காரியங்களில் உதவக் கூட வந்த எஸ்.டி. புரமோட்டர் பையன் தாள்களைச் சரிபார்த்தான். அவர் பேச்சில் பாதி எனக்குத் தமிழாகவே விழுந்தது. அவர்கள் குடியிருப்பில் மரபுப்படி மூட்டுக்காணிதான் தலைவர். ஆட்களைக் கூப்பிட்டுச் சேர்க்க விளிக்காணி என்று ஒருவர் தனியாக இருந்தார். கூப்பிடுவதையே ஒரு பதவியாக வைத்திருந்தார்கள்! கிராமசபைக்குப் பத்து சதவீதம் ஆள் சேர்க்கத் திண்டாடும் மெம்பர்கள் கவனிக்கலாம்.

1996 ஆகஸ்ட் 17, மலையாளச் சிங்கம் மாதம் ஒன்றாம் தேதி, உள்ளாட்சிகளே திட்டம் போடும் மக்கள் திட்டம் கேரளத்தில் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்றார்கள். பணம் இறங்கியது. ஆட்கள் இறங்கி வர நாளானது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒவ்வொரு ஊழியருக்கும் மேலதிகாரி வேறு எங்கோ இருந்தார். 2022இல்தான் ஐந்து துறைகளை இணைத்து ஒரே உள்ளாட்சித் துறை ஆக்கினார்கள். 2025 ஏப்ரலில் கே-ஸ்மார்ட் என்ற இணையச் சேவை கிராமங்களுக்கும் வந்தது. இனி ஆபீஸுக்கே வர வேண்டாம் என்கிறார்கள். நான் போன அன்று பெஞ்சில் இடமில்லை.

பதினொன்றரைக்கு ஒரு மெம்பர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். கூட ஒரு கிழவி. வீடு தன் பேரில் இருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும்.

"இது நம்ம வார்டு. முதல்ல முடிச்சு விடு மோளே."

"டோக்கன் எடுத்தாச்சா, அண்ணா?"

"நான் வந்திருக்கேன்ல்லா?"

"பதினொண்ணாம் நம்பர் ஓடுது. அம்மச்சி உட்காரட்டும்."

மெம்பர் கிளார்க்குப் பெண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. கதவைப் பார்த்தார். சத்தம் கேட்டோ என்னவோ தலைவர் எழுந்து வெளியே வந்தார். ஹால் முழுக்க ஒரு நொடி நிமிர்ந்தது. எனக்குத் தெரிந்த நாடகம்தான். அடுத்த வரி என்னவென்றுகூடச் சொல்வேன். ஆனால் தலைவர் கவுன்டர் பக்கமே திரும்பவில்லை. மெம்பர் தோளில் கை போட்டு, "வா, ஒரு சாயா குடிக்கலாம், அந்தக் கலுங்கு விஷயம் பேசணும்" என்று வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார். போகிற போக்கில் டோக்கன் ஒன்றைக் கிழித்துக் கிழவி கையில் கொடுத்தார். பதினேழு.

கிளார்க்குப் பெண் நிமிரவில்லை. விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

பதினேழு வர முக்கால் மணி ஆனது. நடுவில் இடி இடித்து நெட் போய் வந்தது. காணிக்காரர் தாளை மடித்து மடிக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். என் நண்பர் ரசீதோடு வந்தும் நான் எழுந்திருக்கவில்லை. கிழவியின் முறை வந்தபோது அந்தப் பெண் இரண்டு கேள்வி கேட்டார், பழைய வரி ரசீதைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பதிந்தார். உள்ளே போகவில்லை, யாரையும் கேட்கவில்லை. வரவேண்டிய நாளையும் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

கிழவி தாளை வாங்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா மோளே இங்கே பிரசிடண்டு?"

"இல்லை அம்மச்சி, கிளார்க்கு. பதினெட்டு!"